எந்த ‘மேசியா’?

ஒரே இசையை ஆறு ஒலிப்பதிவுகளில் வாங்கி வைத்திருப்பது அறிவுடையார் செயலா என்று எமது வீட்டார் கேட்டதுண்டு. காத்தவராயன் கூத்தைப் பத்து ஊர்களிற் போய்ப் பார்த்தவர்கள் எமது அயலில் இருந்தார்கள். அவர்களை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. கதை எங்கே போய் முடியும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். இந்த முறை யார் ஆடுகிறார், எப்படி ஆடுகிறார் என்று காண்பதற்காகவே அவர்கள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் விடியுமட்டும் கண்விழித்தார்கள். நாமும் அந்த வழியிற் பிறந்தவர்களே.

நாம் சொல்ல வந்தது ‘மேசியா’வைப் பற்றி. ஜோர்ஜ் பிரிடெறிக் ஹண்டெல் 1741 ஆகஸ்ட் 22இல் இலண்டனில் இருந்து எழுதத் தொடங்கி, செப்டெம்பர் 14இல், இருபத்து நான்கே நாட்களில் முடித்த படைப்பு அது. சார்ள்ஸ் ஜெனன்ஸ் என்ற செல்வந்தர் விவிலியத்திலிருந்து பொறுக்கி அடுக்கிக் கொடுத்த வசனங்களுக்கு ஜேர்மனியில் பிறந்த ஹண்டெல் இசை அமைத்தார். இதில் வேடம் இல்லை, காட்சி இல்லை, கதைமாந்தர் என்று சொல்லத்தக்கோரும் இல்லை. நான்கைந்து தனிப்பாடகரும், ஒரு சேர்ந்திசைக் குழுவும், ஒரு வாத்தியக் குழுவும் கூடி இரண்டரை மணி நேரம் நிகழ்த்துவார்கள். பரோக் காலத்துச் சேர்ந்திசைகளுள் பாமர மக்களின் நாவில் இவ்வளவு பழகியது வேறொன்றில்லை எனலாம்.

ஆசிரிய நண்பர் சிலரும் நாமும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையில் மாணவர்களைக் கூட்டி வைத்து இசை கேட்பதுண்டு. கருநாடக இசையும் கேட்போம், பேதோவனும் கேட்போம், நாட்டார் பாடலும் கேட்போம். கேட்ட பின் வாதாடுவோம். அவ்வாறான ஒரு மாலைக்கு ‘மேசியா’ என்று முடிவாயிற்று. முழுவதையும் ஒருமுறை போடத்தான் நேரம் உண்டு. எந்த ஒலிப்பதிவைப் போடுவது என்பதைத் தெரியும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. இது மிக எளிய வேலை என்றே அன்று எண்ணினோம்.

அப்படி எண்ணியதற்குக் காரணம் உண்டு. 1960களின் நடுப்பகுதியில், எமக்குப் பதினேழு வயதாயிருந்தபோது, எமக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் இருந்து இதை முதன்முதலாகக் கேட்டோம். கனத்த அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்த கறுப்புத் தட்டுகள், கையில் எடுத்தால் ஓடு போலப் பாரமாயிருக்கும். ஒரு பக்கம் நாலு, நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆசிரியர் எழுந்து தட்டைத் திருப்புவார், ஊசியை மாற்றுவார். நாம் மூச்சடக்கிக் காத்திருப்போம். அந்த இடைவெளிகளும் ஹண்டெல் எழுதியவையே என்று எமது காது நெடுங்காலம் நம்பியிருந்தது. இன்றும் சில இடங்களில், இசை இடைவிடாது ஓடும்போது, யாரோ ஒருவர் எழுந்து வர மறந்துவிட்டார் போன்ற உணர்வு எமக்கு ஏற்படுகிறது.

அந்தத் தட்டுகளிற் பாடியோர் இங்கிலாந்தின் வடக்கே, யோர்க்ஷயரிலுள்ள ஹடர்ஸ்பீல்ட் நகரின் சேர்ந்திசைச் சங்கத்தார். வாத்தியம் லிவர்பூல் பில்ஹார்மோனிக் குழு. நடத்தியவர் மல்கம் சார்ஜன்ட். ஆண்டு 1946. மகாயுத்தம் முடிந்து ஒரு வருடமே ஆகியிருந்தது. இவர்கள் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர், கம்பளி நெய்யும் ஊரின் சாதாரண மனிதர்கள் என்று ஆசிரியர் எமக்குச் சொல்லித் தந்தார். அந்தச் சொல் எம்முள் விழுந்தது. மே தின ஊர்வலத்தின் நடுவே முதன்முறை நின்றபோது, முன்னும் பின்னும் எழும் ஓசையில் எமது குரல் எமக்கே கேளாமற் போனதே, அந்த மகிழ்ச்சியை அந்தத் தட்டுகளில் மீண்டும் கண்டோம். உழைக்கும் மக்கள் பாடுகிறார்கள் என்ற எண்ணம் ஒரு பாதி, பாட்டு ஒரு பாதி. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் எமக்குத் தோன்றவில்லை.

ஆதலால் விடை ஆயத்தமாகவே இருந்தது. ஹடர்ஸ்பீல்ட், 1946. எனினும் மாணவர்கள் முன் போடுவதாயின் நாலு செய்தி சொல்ல வேண்டுமே என்று அந்தச் சங்கத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம். எமது இடர்ப்பாடும் அங்கேதான் தொடங்கிற்று.

ஹண்டெலின் காலத்தில் இது பெருங்கூட்டத்தின் இசை அன்று. இலண்டனில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பவுண்ட்லிங் மருத்துவமனையின் நிதிக்காக 1754இல் நிகழ்ந்தபோது செலவு செய்த கணக்கு இன்றும் இருக்கிறது. அதன்படி வாத்தியக்காரர் முப்பத்தெட்டுப் பேர். பாடியோர் தனிப்பாடகர்களுடன் சேர்த்து இருபத்தைந்தளவினர். ஹண்டெல் மறைந்தது 1759இல். கால் நூற்றாண்டு கழிந்து, 1784இல், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு எடுத்த விழாவில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கூடி நிகழ்த்தினர். 1859இல் இலண்டன் பளிங்கு மாளிகை விழாவில் பாடகர் மட்டுமே ஈராயிரத்துக்கு மேல். 1888இல் அதே மாளிகையில் நாலாயிரம் குரல்கள் ஹண்டெலின் ‘எகிப்தில் இஸ்ரவேலர்’ என்ற மற்றோர் ஒறட்டோரியோவைப் பாடியதை எடிசனின் மெழுகு உருளையில் பதிந்தார்கள். உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய இசைப் பதிவுகளில் அது ஒன்று. கேட்டுப் பார்த்தோம். மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழ் இருந்துகொண்டு, தூரத்துக் கோயிலில் யாரோ பாடுவதைக் கேட்பது போலிருந்தது.

இந்தப் பெருக்கத்தின் பின்னால் இருந்தது வெறும் ஆடம்பரம் மட்டும் அன்று. 1846இல் நொவெல்லோ பதிப்பகம் ‘மேசியா’வின் மலிவுப் பதிப்பை வெளியிடத் தொடங்கிற்று. அதுவரை செல்வந்தர் வீட்டு அலுமாரியிற் கிடந்த இசைப் புத்தகம் கூலிக்காரரின் கைக்கு எட்டலாயிற்று. அதே காலத்தில் ஜோன் கேர்வன் என்ற போதகர், நோர்விச் நகரத்துப் பள்ளி ஆசிரியையான சேரா குளவரின் முறையைத் திருத்தி, ஐங்கோட்டுக் குறியீடு கல்லாதவரும் பாடத்தக்க ‘சொல்பா’ எழுத்து முறையைப் பரப்பினார். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் தொடங்கிய இடமே முதற் சுரம் என்பது அதன் அடிப்படை. ச ரி க ம படித்த எம்மவர்க்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். ஐரோப்பியர் அதைப் புதுமையாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிச் சற்றே பெருமைப்படுவதிலும் தவறில்லை. ஆலைச் சங்கு ஊதி விட்ட பின், எண்ணெய்க் கறை மாறாத விரல்களால் அந்தப் புத்தகங்களைப் புரட்டி, நாலு பாகம் பிரித்துப் பாடக் கற்ற மக்களின் உழைப்பை எண்ணும்போது எமது நெஞ்சு இன்றும் இளகுகிறது.

நிற்க. ஹடர்ஸ்பீல்ட் சங்கம் 1836இல் ஒரு மதுச்சாலையிற் கூடித் தொடங்கப்பெற்றது. கூட்டத்துக்கு வரும் உறுப்பினருக்குப் பியரும் பாணும் பாற்கட்டியும் உண்டு என்று விதியே எழுதியிருந்தார்கள். இவ்வளவும் எமக்கு உவப்பாகவே இருந்தது. அதற்கப்பால் இன்னொரு விதி. 1840களின் தொடக்கத்தில் எழுதியது. ‘விஞ்ஞான மண்டபம்’ எனப்பட்ட இடத்துக்கோ சோஷலிசக் கூட்டங்களுக்கோ போய்வருகிற எவரும் சங்கத்தில் உறுப்பினராக இருத்தலாகாது. சங்கத்துக்குச் சொந்தமான இசைப் புத்தகங்களை நூலகர் அறிந்துகொண்டு எந்தச் சோஷலிஸ்டுக்கும் இரவல் கொடுத்தலாகாது. கொடுத்தால் வெளியேற்றம்.

விஞ்ஞான மண்டபம் என்பது றொபேட் ஓவனின் வழிவந்த தொழிலாளர் கட்டி எழுப்பிய கூடம். 1842 ஆகஸ்டில் அந்த வட்டாரமெங்கும் வேலைநிறுத்தக்காரர் ஆலை ஆலையாகச் சென்று கொதிகலன்களின் அடைப்பான்களைப் பிடுங்கி, யந்திரங்களை நிறுத்தினார்கள். ஹடர்ஸ்பீல்டிலும் அது நடந்தது. ஆக, எமது இளமைக் கனவின் பாடகர்கள் எங்கே நின்றார்கள்? பிடுங்கியவர் பக்கமா, பூட்டியவர் பக்கமா? இரு பக்கத்திலும் நின்றிருப்பார்கள் என்பதே நியாயமான ஊகம். ஆனால் சங்கத்தின் புத்தகம் ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே இரவல் கிடைத்தது. தொழிலாளி பாடினால் குடிக்க மாட்டான், குடியாதவன் கூட்டத்துக்குப் போக மாட்டான் என்று கணக்குப் பார்த்துச் சேர்ந்திசையை ஆதரித்த கனவான்கள் அந்நூற்றாண்டில் குறைவில்லை.

இந்தச் செய்தியை, ‘மேசியா’ என்றால் ஹடர்ஸ்பீல்ட் என்றே சாதிக்கும் நண்பர் ஒருவருக்குச் சொன்னோம். கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கத்தில் எமக்கு மூத்தவர். “நூறு வருசத்துக்கு முந்தின விதியைக் கொண்டு 1946இலை பாடினவையைத் தண்டிக்கிறியளோ, மாஸ்ரர்?” என்றார். தண்டிக்கவில்லை. ஆனால் உழைக்கும் மக்களின் குரல் என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தெரிந்தோம் என்று மாணவர்முன் கூற இனி எமக்கு வாய் வரவில்லை.

பாடியோரை விடுத்து ஆக்கியோனிடம் போனால் அங்கே இன்னும் இருட்டு. ‘மேசியா’ முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13இல், டப்ளின் நகரில், பிஷாம்பிள் தெருவின் இசைமண்டபத்தில். வருவாய் மூன்று தருமங்களுக்கு: கடன் கட்ட மாட்டாமற் சிறைப்பட்டோரை மீட்பதற்கு ஒரு பங்கு, இரண்டு மருத்துவமனைகளுக்கு மற்றைய பங்குகள். கூடுதலாகச் சிலரை இருத்தினால் தருமத்துக்குக் கூடுதற் பணம் சேரும் என்று, பெண்கள் வளையம் வைத்த பாவாடை அணியாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வருமாறு பத்திரிகையில் வேண்டிக்கொண்டார்கள். அறுநூறு பேருக்கான மண்டபத்தில் எழுநூறு பேர் இருந்தனர். நூற்று நாற்பத்திரண்டு கடனாளிகள் சிறைமீண்டனர். ஓர் இசை நிகழ்ச்சி நூற்று நாற்பத்திரண்டு மனிதரைச் சிறையிலிருந்து மீட்டது என்பதைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தோம்.

ஆனால் அதே ஹண்டெல் தென்கடல் கம்பனியிலும் அரச ஆபிரிக்கக் கம்பனியிலும் பங்கு வைத்திருந்தவர். இவ்விரு கம்பனிகளும் ஆபிரிக்க மக்களை விலங்கிட்டுக் கப்பலேற்றி விற்றவை. அண்மைக்கால ஆய்வாளர் பழைய பங்கேடுகளைப் புரட்டி இதை வெளிக்கொணர்ந்தனர். டப்ளினில் விலங்கு கழற்றிய கையும் அத்திலாந்திக்கில் விலங்கு பூட்டியதற்கு இலாபம் வாங்கிய கையும் ஒன்றே. இதற்கு எம்மிடம் சமாதானம் இல்லை. அக்காலத்துச் செல்வர் பலரும் அப்படித்தான் என்பது சமாதானம் ஆகாது. அது குற்றச்சாட்டை விரிவுபடுத்துவது மட்டுமே. 1992இல் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பலர் கூடி ‘மேசியா’வைத் தமது சுவிசேஷப் பாட்டு மரபிலும் ஜாஸிலும் மாற்றி அமைத்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டனர். ஸ்டீவி வொண்டரும் அதிற் பாடினார். விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அந்த இசையை ஹண்டெலிடம் கேளாமலே எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொகுப்பை நாம் தெரியாததற்குக் காரணம், அது ஹண்டெலின் பாட்டு என்பதிலும் பார்க்க அவர்களுடைய பாட்டு என்பதே. அதற்கு இன்னொரு சனிக்கிழமை ஒதுக்க வேண்டும்.

இவ்வாறு கொள்கை எம்மைக் கைவிட்ட பிறகு, இருந்தது காது ஒன்றுதான். ஒரு வாரம் மாலை தோறும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டோம்.

தோமஸ் பீச்சம் 1959இல் பதிந்த ‘மேசியா’வைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஹண்டெல் கனவிலும் காணாத பித்தளைத் தாளங்களும் பிறவும் அதில் முழங்குகின்றன. முதலாளி வீட்டுக் கலியாணம் போன்றது. ஒருநாட் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். கொலின் டேவிஸ் 1966இல் சிறியதொரு குழுவுடன், துள்ளும் தாளகதியில் நடத்தியது அதற்கு நேர்மாறு. நூறு ஆண்டுக் கொழுப்பைக் கரைத்த பதிவு அது. இன்று கேட்டாலும் முகம் கழுவினாற் போலிருக்கிறது. கிறிஸ்தோபர் ஹொக்வூட் 1980இல் வெளியிட்டது, மேலே சொன்ன 1754ஆம் ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கால வாத்தியங்களுடன், சிறுவர்கள் மேற்குரல் பாட அமைத்தது. சுருதியும் இன்றைய வழக்கிலும் ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்ந்தது. எல்லாம் சுத்தம், எல்லாம் தெளிவு. ஆயினும் இரண்டாம் நாளும் அதைக் கேட்க வேண்டும் என்ற தாகம் எமக்கு எழவில்லை. குறை எம்முடையதாகவும் இருக்கலாம்.

இடையில் வழிதவறி இன்னொரு தட்டில் ஒரு மாலை முழுவதும் போயிற்று. அது முழு ‘மேசியா’ அன்று. இகழப்பட்ட ஒருவனைப் பற்றிய தாழ்குரற் பாடல் மட்டும். 1952இல் கத்லீன் பெரியர் பாடியது. லங்காஷயரின் பிளாக்பேர்ன் நகரில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். மறு ஆண்டே புற்றுநோயால் இறந்தவர். அந்தப் பாடலை டப்ளினில் முதலிற் பாடியவர் சூசன்னா சிபர் என்ற நாடக நடிகை. கணவனே தொடுத்த வழக்கில், இலண்டன் நகரமெங்கும் தன் பெயர் நாற, அவ்வூரை விட்டு ஒதுங்கியிருந்தவர். ஊரார் இகழ்ந்த பெண் இகழ்ச்சியைப் பாடினாள். பெரியரின் குரலில் அழுகை இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லுகிற ஒருத்தியின் நிதானம் இருக்கிறது. அதனாலேயே தாங்க முடியவில்லை.

மீண்டும் வழிக்கு வருவோம். எல்லாப் பதிவுகளையும் ஒரே தராசில் இடுவதற்கு ஒரு சேர்ந்திசையைத் தெரிந்துகொண்டோம். இரண்டாம் பாகத்தில், வழிதவறிய ஆடுகளைப் போல நாம் எல்லோரும் அவரவர் பாதையிற் போய்விட்டோம் என்ற பொருளில் வருவது. அதன் முதற்சொற்களே ‘நாம் எல்லோரும்’ என்பன. இதன் மெட்டை ஹண்டெல் புதிதாக ஆக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில், குருட்டுக் காதலை இனி நம்பமாட்டேன் என்று இரு பெண்குரல்கள் பாடும் ஓர் இத்தாலியப் பாட்டில் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டார். ஆகையால் பாவத்தைப் பற்றிய பாட்டு பள்ளி விட்ட பிள்ளைகளைப் போலத் துள்ளுகிறது. ஒரு குரல் இடப்பக்கம் ஓடுகிறது, மற்றொன்று வலப்பக்கம், இன்னொன்று நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. தவறிப் போவதில் இவ்வளவு சந்தோஷமா என்று நாம் சிரிக்கும் வேளையில், எதிர்பாராமல், கடைசிச் சில அடிகளில் வேகம் அறுந்து விழுகிறது. இசை மெதுவாகி, இருண்ட சுருதிக்கு இறங்குகிறது. அத்தனை பேரின் குற்றமும் ஒருவன் தலையில் ஏற்றப்பட்டது என்ற செய்தி அங்கேதான் வருகிறது. கடவுளை ஏற்காதவர்க்கும் அந்த அடிகள் புரியும். பலர் விளையாட்டாய்ச் செய்ததன் கூலியை ஒருவர் சுமப்பது தேவாலயத்துக்கு வெளியிலும் நடக்கிற காரியம்.

ஹடர்ஸ்பீல்ட் தட்டில் அந்த ஓட்டமெல்லாம் கலங்கிப் போகிறது. அத்தனை பெரிய கூட்டம் வளைந்து நெளிந்து ஓட இயலாது. யார் எங்கே தவறினார் என்று தெரிவதில்லை. மந்தை முழுவதும் ஒரே திசையில் நகர்வது போலிருக்கிறது. ஆனால் கடைசி அடிகளில்! ஒரு நகரமே தலை குனிந்தது போன்ற அந்தப் பாரத்தை வேறெந்தப் பதிவிலும் நாம் கேட்கவில்லை.

இனி ஒரேயொரு பதிவு எஞ்சியிருந்தது. ஸ்கொட்லாந்தின் டனீடின் கொன்சோட் என்ற குழு, ஜோன் பட் நடத்த, 2006இல் வெளியிட்டது. 1742இல் டப்ளினிற் பாடப்பெற்ற வடிவத்தை மீட்டெடுக்க முனைந்தது. பாடுவோர் ஏறத்தாழ ஒரு டசின் பேர் மட்டுமே. தனிப்பாடகர் என்று வேறு ஆட்கள் இல்லை. தனியே எழுந்து பாடியவர் பாடி முடித்ததும் திரும்பவும் வரிசையிற் போய் நின்று மற்றவர்களோடு சேர்ந்து பாடுகிறார். ஹண்டெலின் காலத்து வழக்கமும் அதுவே.

ஆடுகளின் பாட்டை இவர்கள் பாடக் கேட்டபோது, நாற்பது வருடங்களுக்கு மேலாகக் கேட்டு வந்த பாட்டை அன்றுதான் முதன்முறை கேட்டோம் என்று சொல்லத் தோன்றிற்று. ஒவ்வொரு குரலும் ஓர் ஆள். இந்த ஆள் இப்படித் தவறுகிறார். அவரைக் கண்டு அந்த ஆள் வேறு வழியில் தவறுகிறார். ஒருவரையொருவர் கேட்கிறார்கள், கேட்டும் கேளாதவர் போல ஓடுகிறார்கள். கடைசி அடிகள் வரும்போது பாரம் இல்லை. பன்னிரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பாராமல் நிலத்தைப் பார்ப்பது போலிருக்கிறது. ஹடர்ஸ்பீல்டின் கடைசி அடிகளை இதற்காக விட்டுக்கொடுக்க எமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவ்விடத்தை அடையுமுன் நடக்கும் அத்தனையும் இங்கேதான் கேட்கிறது.

எமது இளமையில் மக்கள் என்று சொல்லும்போது ஒரு வெள்ளத்தையே நினைத்தோம். வெள்ளத்தில் துளிகளுக்குப் பெயர் இல்லை. அந்த நினைப்பில் நாம் எழுதியவையும் உண்டு, பேசியவையும் உண்டு. தனியொருவர் எழுந்து மாறாக ஒரு சொல் சொன்னபோது வெள்ளத்தின் பெயரால் அவரை அடக்கியதும் உண்டு. அந்தச் சபையில் நாமும் கை உயர்த்தினோம். இவை ஓர் இறுவட்டைக் கேட்டதனால் வந்த ஞானம் என்று சொல்லோம். நெடுநாளாக உள்ளே கிடந்த ஒன்றை அந்தப் பன்னிருவரின் குரல் கிளறிவிட்டது, அவ்வளவே. 1891இலேயே பேர்னாட் ஷா, ஆயிரக்கணக்கானோரின் அந்தச் சலிப்பூட்டும் முழக்கத்துக்குப் பணத்தைக் கொட்டுவதை விட்டு, தேர்ந்த இருபது பேரைக் கொண்டு ‘மேசியா’வை ஒழுங்காகப் பாடிக் காட்டக்கூடாதா, சாகுமுன் ஒருமுறையாவது கேட்போமே என்று எழுதினார். டப்ளினிற் பிறந்தவர், சோஷலிஸ்ட். மக்கள் திரளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய அவர், பாட்டில் திரளை வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை வந்தது. டனீடின் பதிவை முழுமையாகப் போட்டோம். ‘அல்லேலூயா’ தொடங்கியதும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை ஒருத்தி பழக்கத்தால் எழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தனர். இரண்டாம் ஜோர்ஜ் மன்னன் எழுந்து நின்றதால் வந்த வழக்கம் என்பார்கள். மன்னன் அங்கே வந்ததற்கே அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை; கதை முதன்முதலாக எழுத்தில் வருவது 1780இல், ஒரு கடிதத்தில். நண்பர் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் அசையாதிருந்தார். நாம் எழுந்தோம். மன்னனுக்காக அன்று, கால் மரத்துப் போயிருந்தது.

முடிவில், ஆடுகளின் பாட்டை மட்டும் 1946ஆம் ஆண்டுப் பதிவிலும் போட்டுக் காட்டினோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், “சேர், இதிலை சனம் பாடுது. மற்றதிலை ஆக்கள் பாடினம்” என்றான்.

“சனம் எண்டால் ஆக்கள் இல்லையோ, தம்பி?” என்று நண்பர் திரும்பினார்.

அதன் பின் நடந்த வாதம் இரவு எட்டரைக்கும் முடியவில்லை. ஆலையில் நாள் முழுவதும் யந்திரத்தின் ஒரு பல்லாக நின்றவனுக்கு, மாலையில் இருநூறு பேரோடு சேர்ந்து தன் குரலைப் பெரிதாகக் கேட்பது எத்தகைய விடுதலை என்று உமக்குத் தெரியுமா என்று கேட்டார் நண்பர். இதற்கு அந்த மாணவனிடம் விடை இல்லை. எம்மிடமும் முழு விடை இல்லை. தேர்ந்த பன்னிருவராய் இருக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்ற அவருடைய அடுத்த கேள்வி அதனிலும் கடியது. எமக்கு உகந்த பதிவு டனீடின் பதிவுதான். அதைச் சொன்னோம்; அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். ஆனால் அந்தக் கடைசி அடிகளை இன்னொருமுறை போடும்படி அவர் கேட்டபோது ஹடர்ஸ்பீல்டைத்தான் போட்டோம். இருவரும் பேசாமல் கேட்டோம்.

புறப்படும்போது நண்பர் கையை நீட்டினார். டனீடின் இறுவட்டை ஒருமுறை வீட்டில் ஆறுதலாகக் கேட்க வேண்டுமாம். சோஷலிஸ்டுகளுக்கு இரவல் கொடுத்தால் வெளியேற்றுவார்கள் என்று நினைவூட்டினோம். சிரித்துக்கொண்டே வாங்கிச் சேட்டுப் பையில் வைத்தார். மூன்று மாதமாயிற்று; இன்னும் திருப்பித் தரவில்லை.